ஆறு என்றொரு சொல்

நுழையும்முன்

பேருந்து நம்மை ஓர் ஊருக்குக் கொண்டு சேர்க்கும். அவ்வூரை நமக்குக் காட்டுவது நடை. மலையும் அருவியும் இல்லாத வறண்ட நிலத்தில் நடந்து காண என்ன இருக்கிறது? திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வட்டாரத்தின் கண்மாய்க் கரைகளிலும் ஓடைத் தடங்களிலும் நடந்து பழகிய ஆசிரியர் ஒருவரின் பட்டறிவு இக்கட்டுரை.

அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறித் திருச்சுழி வழியாகக் கிழக்கே செல்வோர்க்குச் சன்னலில் தெரிவது நெடுந்தூரம் ஒரே காட்சிதான். சாலையோரம் சீமைக்கருவேல முள், அதற்கப்பால் கரிசல் காடு, இடையிடையே பனைகள், எஞ்சியது வானம். இறங்கும் ஊர் வரும்வரை கண்ணயர்வோரே மிகுதி. "உங்கள் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் அருகில் பிறந்த நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. "ஏதாவதொரு நிறுத்தத்தில் இறங்கி நடந்து பாருங்கள்" என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் விடை.

இதற்கெனத் தனிப் பொருட்செலவு வேண்டியதில்லை. காலைப் பேருந்தில் சென்று ஒரு சிற்றூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து கண்மாய்க் கரையையோ ஓடையையோ பற்றிக்கொண்டு எட்டுப் பத்துக் கிலோமீட்டர் நடந்தால், வேறொரு சாலையில் வேறொரு நிறுத்தம் வரும். அங்கே திரும்பும் பேருந்து ஏறிவிடலாம். எங்கள் வட்டாரத்தின் உட்சாலைகளில் பேருந்துகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப நடையை அமைத்துக்கொள்வேன். பருவமழை ஓய்ந்து நிலம் ஈரம் உலரத் தொடங்கும் தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்றவை. சித்திரையில் இந்நிலம் யாரையும் நடக்க விடாது.

சமதரையில் நடப்பதில் என்ன சுவை என்று தோன்றலாம். எங்கள் நாட்டில் கண்மாய்க் கரையே மலை. பதினைந்தடி உயரம்தான் இருக்கும். ஆனால் அதன்மேல் ஏறி நின்றால், மறைப்பதற்கு எதுவுமில்லாத அந்நிலம் தொடுவானம் வரை விரிந்து கிடக்கும். ஒருபுறம் நீர்; மறுபுறம் வயல். நீர்ப்புறத்தில் நாரையும் நீர்க்காகமும். வயற்புறத்தில் மயிலும் கௌதாரியும். நீர் வற்றிய ஆண்டில் கண்மாயின் உள்வாயில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரே கரையில் ஐப்பசியில் நடந்தவர் மாசியில் மீண்டும் நடந்தால் வேறோர் ஊருக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார்.

கரைமேல் நடக்க நடக்கக் கண்மாயின் உறுப்புகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும். உள்ளிருக்கும் நீரை அளவாக வயலுக்கு விடுவது மடை. அதனருகே நீருக்குள் நிற்கும் கற்றூண்கள் மடைத்தூண்கள். மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்து வெளியேறக் கருங்கல்லால் கட்டப்பட்ட இடம் கலுங்கு. கலுங்கைத் தாண்டி வழியும் நீர் மறுகால். மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுவருவது வரத்துக்கால். இச்சொற்களை நான் கல்லூரியில் கற்கவில்லை. கரையில் எதிர்ப்பட்ட உழவர்களும் ஆடு மேய்ப்போரும் கையால் சுட்டிக் கற்பித்தவை இவை. சொல்லையும் பொருளையும் ஒருங்கே கண்முன் நிறுத்திக் கற்பித்த அவ்வகுப்பறைக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

கரையோடு நின்றுவிடாமல் வரத்துக்காலைப் பற்றிக்கொண்டு மேலே நடப்பது அடுத்த பாடம். மேலே என்றால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. நீருக்கு மட்டும் தெரியும். அவ்வாறு நடந்தால் அக்கால் மற்றொரு கண்மாயின் கலுங்கில் போய் முடியும். மேற்கண்மாயின் மறுகாலே கீழ்க்கண்மாயின் வரத்து. மேலது நிறைந்து வழிந்தால்தான் கீழது நிறையும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் மிகப் பல இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்தவை. எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சில வாரங்களில் பெய்வதை ஓராண்டுக்கு உணவாக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீரை ஊர் ஊராகக் கைமாற்றிவிடும் இவ்வமைப்பு அத்தேவையால் பிறந்தது. ஒரு கண்மாயின் கரையில் நின்று பார்ப்பவருக்கு இது விளங்காது. இரண்டு கண்மாய்களுக்கு இடையே நடந்தவருக்கே விளங்கும்.

ஊர்ப்பெயர்களும் நடப்போர்க்குத் தம் பொருளைத் திறந்து காட்டுகின்றன. ஏந்தல், குளம், ஊருணி என முடியும் பெயர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. ஏந்தல் என்பது நீரை ஏந்தி நிற்கும் சிறிய நீர்நிலை. ஊரார் உண்ணும் நீரைத் தருவது ஊருணி. பேருந்தின் பெயர்ப்பலகையில் படிக்கும்போது வெறும் ஒலியாக இருப்பவை, நடந்து சென்று சேரும்போது காரணப்பெயர்களாகிவிடுகின்றன. வீரசோழன் என்னும் ஊர்ப்பெயரும் எண்ணத்தைத் தூண்டுவது. வீரசோழன் என்பது சோழ மன்னர் பூண்ட விருதுப்பெயர்களுள் ஒன்று. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றிய இலக்கண நூலும் இவ்விருதையொட்டியே வீரசோழியம் எனப் பெயர் பெற்றது. சோழர் ஆட்சி பாண்டிய நாட்டிலும் பரவியிருந்த காலத்தை, இந்நிலத்தின் நடுவே நிற்கும் ஓர் ஊரின் பெயர் நினைவூட்டுகிறது. அவ்வூரின் வாரச்சந்தைக்கு ஆடுகளை ஓட்டிச் செல்லும் தடங்கள் சிலவற்றில் நானும் நடந்திருக்கிறேன்.

திருச்சுழியில் தொடங்கும் நடை வேறுவகையானது. அங்கே நமக்குத் துணையாக வருவது குண்டாறு. மேற்கே ஆண்டிப்பட்டி மலைப்பகுதியில் தோன்றி, திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வழியாகச் சென்று மூக்கையூர் அருகே கடலில் கலக்கும் ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீர் இராது. மணல் மட்டுமே இருக்கும். ஊழிவெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் துளையிட்டுச் சுழித்துப் பூமிக்குள் இறங்கச் செய்தார் என்பது திருச்சுழியின் தலபுராணம். இவ்வூர்த் திருமேனிநாதரைச் சுந்தரர் பாடியுள்ளார். அருகிலுள்ள பள்ளிமடத்தின் பழைய சிவன் கோயிலில், 'சோழன் தலைகொண்ட' என்னும் அடைமொழி பூண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. மறைந்த அரசர்க்கு நினைவாக எழுப்பப்படும் கோயில் பள்ளிப்படை எனப்படும். பள்ளிமடத்துக் கோயிலும் அத்தகையதாகவே கருதப்படுகிறது.

இரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்ததும் திருச்சுழியில்தான். 1896இல், உங்கள் வயதையொத்த பதினாறாம் அகவையில், அவர் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். இரயில் கட்டணத்துக்குக் கையிலிருந்த காசு இடைவழியிலேயே தீர்ந்தது. மாம்பழப்பட்டில் இறங்கித் திருக்கோவலூரை நோக்கி நடந்தார். பின்னர் வாழ்நாள் முழுவதையும் அம்மலையிலும் மலையடியிலுமே கழித்து, அம்மலையை வலம் வந்து நடப்பதை மற்றவர்க்கும் பரிந்துரைத்தார். மலையே இல்லாத மண்ணில் பிறந்த ஒருவர், மலையைச் சுற்றி நடக்கும் வழியை உலகுக்கு அறிமுகம் செய்தார் என்பதை எண்ணியபடியே நான் குண்டாற்று மணலில் நடப்பதுண்டு.

அவ்வாறு நடந்த நாள்களில்தான் ஒரு சொல் எனக்குப் புதிதாக விளங்கியது. ஆறு என்னும் சொல்லுக்கு நீரோட்டம் என்பதோடு வழி என்னும் பொருளும் உண்டு என்பதை நாம் அறிவோம். பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞரை வள்ளலிடம் செல்லும் வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்களே. எங்கே தங்கலாம், எந்நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்தில் அஞ்சி நடக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் நடந்து வந்தவர் நடக்கப் போகிறவருக்குச் சொல்லும் நூல்கள் அவை. இவற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆயினும், நீர் செல்லும் இடத்துக்கும் மனிதர் செல்லும் இடத்துக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லைப் பயன்படுத்தியதன் பொருத்தம், கோடையில் மணலாய்க் கிடந்த குண்டாற்றில் இரு மருங்கும் பதிந்திருந்த காலடித் தடங்களைக் கண்டபோதுதான் உள்ளத்தில் தைத்தது. அங்கே ஆறு வழியாகவே இருந்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. நரிக்குடிப் பக்கத்தில் ஒருமுறை வரத்துக்கால் ஒன்றைப் பற்றிக்கொண்டு சென்றேன். ஏறத்தாழ அரைக் கிலோமீட்டருக்குப் பின் கால் வைக்க இடமில்லை. சீமைக்கருவேலம் இருபுறமிருந்தும் கவிந்து வாய்க்காலையும் அதன் கரையிலிருந்த ஒற்றையடிப் பாதையையும் ஒருசேர மூடியிருந்தது. அவ்வூரில் முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவர், திரும்பி வந்த என்னைக் கண்டு சிரித்தார். கண்மாய் நீரை வயல்தோறும் முறைவைத்துப் பங்கிட்டு விடுபவரே நீர்பாய்ச்சி. "ஏன் தாத்தா, இவ்வழியே யாரும் போவதில்லையா?" என்று கேட்டேன். "ரோடு வந்ததுல இருந்து யாரும் போறதில்லைங்க ஐயா. ஆள் நடந்தாத்தான் தண்ணி நடக்கும். காலடி நின்ன எடத்துல முள்ளு ஏறிரும்" என்றார்.

அவர் சொன்னதை எண்ணிப் பார்த்தேன். முன்பு கரையில் நாள்தோறும் ஆள் நடமாட்டம் இருந்தது. காட்டுக்குப் போகிறவர் கையில் அரிவாள் இருக்கும். குறுக்கே நீண்ட கிளையை நின்று வெட்டிப் போடுவார். கரை அரித்திருந்தால் அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். வாய்க்காலைச் சுருக்கி வரப்பை நகர்த்துகிறவர், நாலு பேர் பார்ப்பார்களே என்று தயங்குவார். குடிமராமத்து என்னும் கூட்டுழைப்பு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. நடையோ நாள்தோறும் நிகழும் மராமத்து. தமிழக அரசு 2017இல் குடிமராமத்தைப் புதிய திட்டமாக மீண்டும் தொடங்கியது. ஆனால், இயந்திரம் வந்து தூர்வாரிச் சென்றபின் அடுத்த மழை வரை அவ்வழியில் யாரும் நடக்கவில்லையென்றால், முள் மீண்டும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முள்ளை மட்டும் பழிப்பதும் முறையாகாது. சீமைக்கருவேலத்தின் தாயகம் மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் ஆகும். வறண்ட நாட்டின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க நம்மவரே அதனை வரவேற்றனர். அதன் நெற்றுகளைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தால் விதைகள் எங்கும் பரவின. மழை பொய்த்த ஆண்டுகளில் இம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். அக்குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். ஆகவே, மரம் இருக்க வேண்டிய இடம் எது, நீர் நடக்க வேண்டிய இடம் எது என்று பிரித்தறிவதே நம்முன் உள்ள வேலை. அதை அறிய நடந்து பார்ப்பதே எளிய வழி.

நடைவழிகளைப் பொதுச்சொத்தாகப் போற்றும் நாடுகள் உண்டு. ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள சுவாபிய மலைநாட்டில் 1888இல் தொடங்கப்பட்ட நடையர் சங்கம் ஒன்று இன்றளவும் இயங்கி வருகிறது. அதன் தொண்டர்கள் காட்டுவழிகளில் நடந்து, மரத்திலும் கம்பத்திலும் வழிக்குறிகளை அமைத்துப் பேணுகின்றனர். பழைமை வாய்ந்த சிறு நகரங்களிலிருந்து பேருந்தில் சென்று, ஓரூரில் இறங்கி நடந்து, வேறோர் ஊரில் பேருந்து ஏறித் திரும்புவது அங்கே விடுமுறை நாள் வழக்கம். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகள், தொலைவைவிட நடக்க ஆகும் நேரத்தையே எழுதிக் காட்டுகின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் 'கூப்பிடு தூரம்' என்றும் 'வெயில் ஏறுமுன் போய்விடலாம்' என்றும் சொல்வதற்கு அது நெருங்கிய உறவு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, மக்கள் தடையின்றி இருபது ஆண்டுகள் உரிமையோடு நடந்துவந்த தடம் பொதுவழியாகவே கொள்ளப்படும். நடந்து நடந்தே வழி உரிமையாகிறது.

நம்மிடமும் சான்று இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் வரைபடம் உண்டு. அதில் கண்மாயும் ஓடையும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வரைபடத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, பதினோராம் வகுப்பு மாணவர் எட்டுப் பேர் என்னுடன் ஒரு விடுமுறை நாளில் நடந்தனர். தங்கள் ஊர்க் கண்மாய் நல்ல மழை பெய்த ஆண்டிலும் நிறையாமற் போனது ஏன் என்பது அவர்களது கேள்வி. வரைபடத்தில் ஒரே கோடாக இருந்த வரத்துக்கால், நிலத்தில் மூன்று இடங்களில் அறுந்து கிடந்தது. ஓரிடத்தில் முள், ஓரிடத்தில் குப்பை, ஓரிடத்தில் வண்டி கடக்கப் போட்ட மண்மேடு. மூன்றையும் அடியளந்து குறித்தார்கள். அவ்வூர்ப் பெண்பிள்ளைகள் இருவர் சனவரி 26 கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து, தாங்கள் கண்டதைப் படித்துக் காட்டினர். ஊரார் சற்றுநேரம் பேசாமல் இருந்தனர். பிறகு ஒருவர், "நம்ம பிள்ளைக நடந்து பார்த்த தூரத்தை நாம பார்க்கலையே" என்றார்.

எல்லாம் உடனே சீராகிவிடவில்லை. மண்மேட்டில் குழாய் பதித்தனர், குப்பையை அள்ளினர். முள்ளில் ஒரு பகுதி மட்டும் வெட்டப்பட்டது. அடுத்த பருவமழையில் கண்மாய் பாதியளவே நிறைந்தது. ஆனால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. முள் வெட்டிய வாய்க்கால் கரை, பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்குவழியாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் காலையும் மாலையும் அதில் நடந்தார்கள். வெட்டிய மற்ற இடங்களில் கன்றுகள் மீண்டும் தலைகாட்டியபோதும், பிள்ளைகளின் கால்பட்ட அக்கரை மட்டும் தெளிவாகவே இருந்தது. முதியவர் சொன்ன சொல் கண்ணெதிரே மெய்யானது.

நீங்களும் நடக்க விரும்பினால் தனியே செல்லாமல் நான்கைந்து பேராகச் செல்லுங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். குடிநீரும் தலைக்குத் துணியும் காலுக்குச் செருப்பும் வேண்டும். காட்டுக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இராது. புதர் மறைத்திருந்தால் விலகிச் செல்லுங்கள். நீர் நிறைந்த கண்மாயில் இறங்காதீர்கள். பயிருக்குள் புகாமல் வரப்பில் நடங்கள். எதிர்ப்படும் பெரியவர்களிடம் நின்று இரண்டு சொல் பேசுங்கள். நீங்கள் நூலில் காணாத சொல் ஒன்றையேனும் அவர்கள் தருவார்கள்.

பழந்தமிழில் வழங்குதல் என்னும் சொல்லுக்கு நடமாடுதல் என்று பொருளுண்டு. பயன்பாட்டில் இருத்தல் என்றும் பொருளுண்டு. வழக்கு என்பதும் அதிலிருந்து வந்ததே. வழங்கும்வரை சொல் வாழும். வழங்காத சொல் அகராதிக்குள் ஒடுங்கும். பாதைக்கும் வாய்க்காலுக்கும் அதுவே நியதி. கலுங்கு, மறுகால், வரத்துக்கால் என்னும் சொற்களை மறந்த தலைமுறை, அவை குறிக்கும் இடங்கள் மறைவதையும் அறியாமலே இருந்துவிடும். உங்கள் ஊரிலும் ஓர் ஓடை, ஒரு கரை, ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கும். அடுத்த ஐப்பசியில் மழை இறங்குமுன் அதில் ஒருமுறை நடந்துவிடுங்கள். பின்னால் நீர் வரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றின் கரையில் பெரியவர்கள் துணையுடன் நடந்து சென்று, அதன் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க.
2. உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுத்த ஊர் வரையிலான நடைவழி ஒன்றை, புதியவர் ஒருவருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படையாக உரைநடையில் எழுதுக.
3. 'ஆள் நடந்தால்தான் தண்ணீர் நடக்கும்' என்னும் கருத்தை, கட்டுரையிலுள்ள சான்றுகளைக் கொண்டு விளக்குக.